அச்சடிக்காத பணம்: பேரரசுச் சீனத்தின் வெள்ளிப் பாளங்கள்



பொருளாதார வரலாறு பற்றிப் பேச வேண்டும் என்றுதான் அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். எந்த நாடு என்று குறிப்பிடவில்லை. அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டு சீனத்துக்குப் போகிறேன். அங்கே போவதற்கு நமக்கு ஒரு பழைய வழியும் இருக்கிறது. 1077ஆம் ஆண்டு சோழ அரசன் அனுப்பிய தூதுக்குழு சொங் வம்சப் பேரரசரின் அவைக்குப் போய்ச் சேர்ந்தது. முத்து, கண்ணாடிப் பாத்திரம், கற்பூரம், குங்கிலியம், பன்னீர் என்று காணிக்கைப் பட்டியல் நீளம். தூதர்கள் முத்தையும் கற்பூரத்தையும் அரியணைக்கு முன்னால் மண்டியிட்டுத் தூவினார்களாம். சொங் வம்ச வரலாற்று நூல் இதை எழுதி வைத்திருக்கிறது. அரசன் பெயரைச் சீன எழுத்தில் சிதைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அவன் முதலாம் குலோத்துங்கன் என்று வரலாற்றாசிரியர் பலர் கொள்கிறார்கள். பேரரசர் கொடுத்த பதில் மரியாதை 81,800 சரம் செப்புக் காசும் 52,000 லியாங் வெள்ளியும்.

அந்தக் காலத்து லியாங் ஏறக்குறைய 40 கிராம். கணக்குப் போட்டால் வெள்ளி மட்டும் இரண்டு டன்னுக்கு மேல் வருகிறது. செப்புக் காசின் கதை நமக்குக் கொஞ்சம் தெரியும். தஞ்சை மாவட்டத்தில் சதுரத் துளையிட்ட சீனக் காசுகள் குவியலாகவே கிடைத்திருக்கின்றன. எந்தப் பேரரசர் காலத்துக் காசு என்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். வெள்ளி அப்படி அகப்படுவதில்லை. உருக்கினால் அடையாளம் போய்விடும். எந்தப் பாளம் எந்தச் சிலம்பானது, எந்த விளக்கானது என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த மரியாதைப் பட்டியலிலேயே ஒரு வேறுபாடு தெரிகிறது. செம்பு சரக் கணக்கில் இருக்கிறது, அதாவது எண்ணிக் கொடுத்தது. வெள்ளி லியாங் கணக்கில் இருக்கிறது, அதாவது நிறுத்துக் கொடுத்தது. செம்பில் பேரரசு காசு அடித்தது. வெள்ளியில் அடிக்கவில்லை. ஒன்றிரண்டு சிறு முயற்சிகள் நீங்கலாக, 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை அடிக்கவே இல்லை. உலகத்திலேயே மிகப் பெரிய ஆட்சி இயந்திரம், தேர்வு வைத்து அதிகாரிகளைப் பொறுக்கிய அரசு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வரிப் பதிவேடு வைத்திருந்த அரசு, தன் வரியை வாங்கிய உலோகத்துக்கு மட்டும் முத்திரை குத்தாமல் ஐந்து நூற்றாண்டுகளை ஓட்டியது. இது பின்தங்கிய நிலை என்று 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அரசை நம்பிக் கெட்ட மக்கள் எடையை நம்பத் தொடங்கினார்கள். அது அறிவுள்ள முடிவுதான். ஆனால் அந்த அறிவுக்கு விலை கொடுத்தவன் வணிகனல்ல, அதிகாரியுமல்ல. வரி கட்டிய குடியானவன். இன்று நான் சொல்லவந்தது இதுதான்.

அரசை நம்பிக் கெட்ட கதையை முதலில் பார்ப்போம். காகிதப் பணத்தை உலகுக்குக் கொடுத்தவர்கள் சீனர்கள். சிச்சுவானில் வணிகர்கள் தொடங்கிய சீட்டை 1024இல் சொங் அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 1260இல் குப்ளாய் கான் பேரரசு முழுவதற்குமான காகிதப் பணம் வெளியிட்டார். முதலில் நன்றாகவே நடந்தது. போர்ச் செலவு ஏற ஏற அச்சடிப்பும் ஏறியது. மங்கோலியர் போய் மிங் வம்சம் வந்ததும் 1375இல் புதிய நோட்டு வந்தது. முசுக்கட்டை மரப்பட்டைக் காகிதம். ஒரு நோட்டு ஏறக்குறைய ஓர் அடி நீளம், முக்கால் அடி அகலம். நோட்டைக் கொடுத்துவிட்டு வெள்ளியோ செம்போ பெறும் உரிமை யாருக்கும் கிடையாது. மக்கள் வணிகத்தில் பொன்னும் வெள்ளியும் கைமாறக் கூடாது என்று தடையும் போட்டார்கள். அந்த நோட்டின் அடியில் ஓர் எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது: கள்ள நோட்டு அடிப்பவனுக்குத் தலை போகும், காட்டிக்கொடுப்பவனுக்கு 250 லியாங் வெள்ளி வெகுமதி. வெள்ளியைத் தடை செய்த அரசு, தன் காகிதத்தைக் காப்பாற்றுவதற்குத் தருவதாகச் சொன்ன பரிசு வெள்ளி! அந்தக் காகிதத்தின் மதிப்பு என்ன என்பதை அந்தக் காகிதமே சொல்லிவிட்டது என்பேன்.

அறுபது ஆண்டுகளுக்குள் நோட்டு முகமதிப்பில் நூற்றில் ஒரு பங்குகூடப் பெறவில்லை. மக்கள் தடையைக் கண்டுகொள்ளாமல் வெள்ளியில் வாங்கி விற்றார்கள். 1436இல் அரசு இறங்கி வந்தது. தென்மாகாணங்களிலிருந்து வரவேண்டிய 40 லட்சம் ஷி அளவுள்ள தானிய வரிக்குப் பதிலாக 10 லட்சம் லியாங் வெள்ளி கட்டலாம் என்றது. அதாவது ஒரு ஷி தானியம் கால் லியாங் வெள்ளி. கதவு கொஞ்சம் திறந்தால் போதாதா? அடுத்த நூறாண்டில் கட்டாய உழைப்பு, அஞ்சல் வேலை, அரிசி, பட்டு என்று பல பெயர்களில் இருந்த சுமைகள் ஒவ்வொன்றாக வெள்ளியாக மாறின. மாகாணங்களில் ஏற்கெனவே சோதித்துப் பார்த்த முறையைத் தலைமை அமைச்சர் சாங் ஜூசெங் 1581இல் நாடு முழுவதற்கும் விரித்தார். 'ஒற்றைச் சாட்டை' என்று பெயர் பெற்ற அந்தச் சீர்திருத்தத்தில், பல வரிகளும் ஒன்றாகத் திரண்டு நிலத்தின் மேல் ஏறி வெள்ளியில் வசூலாயின.

சீனத்தில் இவ்வளவு வெள்ளி ஏது? சொந்தச் சுரங்கம் என்று சொல்ல யுன்னானில் கொஞ்சம் இருந்தது, அவ்வளவுதான். வெள்ளி கடல் கடந்து வந்தது. ஜப்பானின் இவாமி சுரங்கம் 1530களில் புதிய உருக்கு முறையால் பெருகியது. இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொத்தோசி மலை 1545இல் கண்டுபிடிக்கப்பட்டது. பாதரசம் கலந்து பிரிக்கும் முறை 1570களில் அங்கே போன பிறகு வெள்ளி கொட்டியது. 1567இல் மிங் அரசு கடல் வணிகத் தடையைத் தளர்த்தி ஃபூஜியானின் யுவேகாங் துறைமுகத்தைத் திறந்தது. 1571இல் ஸ்பானியர்கள் மணிலாவைத் தலைநகராக்கினார்கள். அகாபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு வெள்ளி, மணிலாவிலிருந்து திரும்பிப் பட்டும் பீங்கானும் என்று ஓடிய கப்பல்கள் 1815 வரை நிற்கவில்லை. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு பங்கு பொன்னுக்குப் பன்னிரண்டு பங்கு வெள்ளி. சீனத்தில் ஆறேழு பங்கு வெள்ளியே போதும். வெள்ளிக்கு இரட்டை மதிப்புத் தரும் இடத்துக்கு அது போகாமல் இருந்தால்தான் வியப்பு.

இனி ஒரு பாளத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம்.

சிச்சுவானில் மின் ஆற்றங்கரையில் ஜியாங்கோ என்று ஓர் ஊர். மிங் வம்சம் சரிந்த 1640களில் சாங் சியான்சோங் என்ற கலகத் தலைவன் செங்டு நகரைப் பிடித்துத் தனி அரசு நடத்தினான். 1646இல் ஆற்று வழியாக வெளியேறும்போது ஜியாங்கோவில் தாக்கப்பட்டுக் கப்பல்கள் எரிந்து மூழ்கின. அவன் புதையல் ஆற்றடியில் கிடக்கிறது என்று அந்தப் பக்கத்துக் குழந்தைகளும் பாட்டாகப் பாடுவார்களாம். கற்பனை என்றுதான் படித்தவர்கள் பலர் நினைத்தார்கள். 2005இல் கட்டுமான வேலைக்குத் தோண்டும்போது ஒரு மரத்துண்டு வந்தது. அடிமரத்தை இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, வெள்ளிப் பாளங்களை அடுக்கி மூடியிருந்தார்கள். அரசு வெள்ளியைத் தொலைதூரம் கொண்டுபோன முறையே அதுதான். பூட்டிய பெட்டியைவிட இது பாதுகாப்பு: வழியில் திறந்தால் தெரிந்துவிடும், கனம் அதிகமாதலால் தோளில் போட்டுக்கொண்டு ஓடவும் முடியாது. திருட்டுத்தனமாக ஆற்றில் முங்கி எடுத்து விற்றவர்கள் பலர் பிடிபட்டார்கள். பிறகு 2017இல் ஆற்றின் ஒரு பகுதியை அணைகட்டித் தடுத்து, நீரை இறைத்துவிட்டு முறையாக அகழ்ந்தார்கள். முதல் பருவத்திலேயே 30,000க்கு மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன.

அங்கிருந்து வந்த 50 லியாங் பாளம் ஒன்றின் மேல் இருக்கும் எழுத்தைச் சொல்கிறேன். ஹூனானைச் சேர்ந்த யுவான்லிங் மாவட்டத்தில் படைச் செலவுக்கென்று வசூலித்து மேலிடத்துக்கு அனுப்பிய வெள்ளி. சோங்சென் ஆட்சியின் பத்தாம் ஆண்டு எட்டாம் மாதம், அதாவது 1637. வெள்ளித் தட்டான் ஜியாங் குவோதாய். இவ்வளவுதான். மாவட்டம், வரியின் பெயர், எடை, தேதி, தட்டான் பெயர். பேரரசர் பெயர் ஆண்டைக் குறிப்பதற்கு மட்டும் வருகிறது. உலோகத்தின் தரத்துக்குப் பொறுப்பேற்கும் பெயர் தட்டானுடையது. மாற்றுக் குறைந்தால் பிடிக்க வேண்டிய ஆள் யார் என்பதற்காகத்தான் அந்தப் பெயர். சீன வெள்ளியின் மொத்த இயல்பும் எனக்கு இந்த ஒரு வரியில் தெரிகிறது. அரசு கணக்கு எழுதுகிறது, தட்டான் உத்தரவாதம் தருகிறான்.

பாளத்தின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியது. சொங் காலத்தில் இடை ஒடுங்கிய தட்டையான பாளம். மிங் காலத்திலும் அதற்குப் பின் வந்த சிங் வம்சக் காலத்திலும் இருபுறமும் காது தூக்கிய தோணி வடிவம். ஐரோப்பியர்கள் அதைக் காலணி என்றார்கள். பெரிய பாளம் 50 லியாங், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கும் கீழே பத்து லியாங் பாளம், ஐந்து லியாங் உருண்டை, அப்புறம் கத்தரித்த துண்டுகள். தூய வெள்ளி வார்ப்பில் ஆறும்போது மேற்பரப்பில் மெல்லிய வளையக் கோடுகள் ஓடும். உருகிய வெள்ளி காற்றை உள்வாங்கி, இறுகும்போது வெளியே தள்ளும். அதனால் அடிப்பக்கம் தேன்கூடு போல் துளைத்துளையாக இருக்கும். ஈயமோ செம்போ மிகுந்தால் கோடுகள் மாறும், துளைகள் மாறும், நிறம் மங்கும், தட்டினால் வரும் ஓசை மாறும். நோட்டக்காரன் இதையெல்லாம் பார்த்து, கேட்டு, தடவி மாற்றுச் சொன்னான். அவனை ஏமாற்றவும் ஆட்கள் இருந்தார்கள். அடித்துளைகளைக் குடைந்து ஈயம் ஊற்றி மூடிவிடுவதுண்டு.

கடைத்தெருவில் எப்படி நடந்தது என்பதை 17ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த ஐரோப்பியப் பாதிரிமார் வியந்து எழுதியிருக்கிறார்கள். வாங்க வருபவன் இடுப்பில் ஒரு வலுவான கத்தரி வைத்திருப்பான். விலைக்கு ஏற்ற துண்டை வெட்டுவான், சிறு தராசில் நிறுப்பான். கை பழகியவர்கள் இரண்டு வெட்டுக்குள் சரியான எடைக்கு வந்துவிடுவார்கள். வெட்டும்போது சிதறும் பொடியை ஒற்றி எடுக்க, மெழுகு நிரப்பிய மணி போன்ற ஒரு சிறு பாத்திரமும் தொங்கும். பொடி சேர்ந்ததும் மெழுகை உருக்கினால் வெள்ளி தனியே வந்துவிடும். தந்தக் கோலுள்ள அந்தச் சிறு தராசு, மரக்கூட்டோடு இன்றும் பழம்பொருள் கடைகளில் விற்கிறது. பை நிறைய வெள்ளி இருந்தாலும் தராசு இல்லாமல் அன்றைய சீனத்தில் பொருள் வாங்க முடியாது.

தராசு இருந்தாலும் போதாது, எந்தத் தராசு என்பது முக்கியம். லியாங் என்பது ஒரே எடை அல்ல. அரசு கருவூலத்தின் லியாங் 37.3 கிராம். சுங்கத் துறையின் லியாங் அதைவிடச் சற்று அதிகம். தென்னாட்டிலிருந்து தானியப் படகு வழியே வந்த லியாங் 36.6 கிராம் அளவுக்கு இருந்தது. கான்டனுக்கு ஒன்று, தியான்ஜினுக்கு ஒன்று, ஹான்கோவுக்கு ஒன்று என்று நூற்றுக்கு மேற்பட்ட லியாங்குகள் புழங்கின. ஒரே ஊரில் பட்டுக்கு ஒரு லியாங்கும் எண்ணெய்க்கு வேறு லியாங்கும் உண்டு.

ஷாங்காய்க் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஒரு பாளம் தராசில் 50 லியாங் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மாற்று, கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாற்றைவிட உயர்வு. எனவே நோட்டக்காரர் 2.7 லியாங் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார். ஆக 52.7. இதை 0.98ஆல் வகுக்க வேண்டும். அது ஷாங்காய் வணிகர்களின் பழைய வழக்கம். விடை ஏறக்குறைய 53.78 ஷாங்காய் லியாங். வங்கிக் கணக்கில் ஏறுவதும், உண்டியலில் எழுதுவதும், லண்டனோடு மாற்று விகிதம் பேசுவதும் இந்த எண்ணில்தான். ஆனால் ஷாங்காய் லியாங் என்று ஒரு வெள்ளித்துண்டை எந்த மனிதனும் கண்ணால் கண்டதில்லை. அது ஏட்டில் மட்டும் வாழ்ந்த பணம். பாளம் ஊருக்குள் வந்ததும் பொது நோட்ட நிலையத்துக்குப் போகும். அங்கே எடையையும் கூட்டல் கழித்தலையும் தூரிகையால் பாளத்தின் மேலேயே மையில் எழுதித் தருவார்கள். அந்த மை அந்த ஊருக்குள் செல்லும். அடுத்த ஊரில் எல்லாம் முதலிலிருந்து.

இவ்வளவு குழப்பத்தை ஏன் பொறுத்துக்கொண்டார்கள் என்று கேட்கலாம். குழப்பம் யாருக்கு என்பதுதான் கேள்வி. சான்சி மாகாணத்து உண்டியல் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிங்யாவ் ஊரில் 1823 வாக்கில் தொடங்கிய ரிஷெங்சாங் முதலாவது. அதன் கட்டடம் இன்று அருங்காட்சியகம். வெள்ளியைக் குடைந்த மரத்தில் அடைத்துக் காவலாளிகளோடு அனுப்புவதற்குப் பதில், ஓர் ஊரில் கட்டிவிட்டு இன்னோர் ஊரில் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். தேதியையும் தொகையையும் சங்கேத எழுத்தில் எழுதினார்கள். அவர்கள் வருமானத்தில் தரகு ஒரு பகுதி. வாங்கும் ஊரின் எடைக்கும் கொடுக்கும் ஊரின் எடைக்கும் உள்ள வேறுபாட்டில் வந்தது இன்னொரு பகுதி. நூறு வகை லியாங் இருப்பது, நூறு வகையும் மனப்பாடமாகத் தெரிந்தவனுக்குச் சொத்து. வெளிநாட்டு வங்கிகளும் ஷாங்காய்க் கணக்கை முணுமுணுத்துக்கொண்டே கற்றுக்கொண்டு பணம் பண்ணின. சீர்திருத்தம் தள்ளிப்போனதற்கு அறியாமை காரணமில்லை, ஆதாயம் காரணம்.

அதிகாரியின் ஆதாயம் இன்னும் வெளிப்படை. சிங் ஆட்சியில் குடியானவன் தன் வரி வெள்ளியைக் காகிதத்தில் மடித்து, தானே முத்திரையிட்டு, அலுவலக வாசலில் வைத்திருக்கும் பெட்டியில் போட வேண்டும். இடைத்தரகன் தொடக் கூடாது என்பதற்காக வந்த நல்ல விதி. ஆனால் வருவது அரை லியாங், கால் லியாங் துண்டுகள். மேலிடத்துக்கு 50 லியாங் பாளமாக உருக்கி அனுப்ப வேண்டும். உருக்கினால் கொஞ்சம் குறையும் இல்லையா? நகைக்கடையில் நம்மிடம் செய்கூலி, சேதாரம் போடுகிறார்களே, அதே சேதாரம்தான். ஆனால் போடுவது அரசாங்கம், பேரம் பேச வழியில்லை. உண்மையில் உலையில் போவது நூற்றில் ஒன்றோ இரண்டோ. வசூலித்தது பத்து, இருபது, சில இடங்களில் அதற்கும் மேல். மாவட்ட ஆட்சியருக்கு ஆண்டுச் சம்பளம் 45 லியாங். அதில் எழுத்தர்களையும் சேவகர்களையும் வைத்து அலுவலகம் நடத்த வேண்டும், மேலதிகாரிக்குப் பண்டிகை அன்பளிப்பும் அனுப்ப வேண்டும். சேதாரம் இல்லாமல் நிர்வாகமே இல்லை என்ற நிலை.

யோங்செங் பேரரசர் இதை ஒளிக்கவில்லை. 1724இல் சேதாரத்தைச் சட்டபூர்வமாக்கி, விகிதம் நிர்ணயித்து, மாகாணக் கருவூலத்துக்குக் கொண்டுவரச் செய்தார். அதிலிருந்து அதிகாரிகளுக்கு 'நேர்மையை வளர்க்கும் வெள்ளி' என்ற பெயரில் கூடுதல் ஊதியம் கொடுத்தார். மாவட்ட ஆட்சியருக்குச் சில நூறிலிருந்து இரண்டாயிரம் லியாங் வரை. 45 எங்கே, இது எங்கே. சீன நிதி வரலாற்றில் நான் மதிக்கும் சில நேர்மையான முயற்சிகளில் இது ஒன்று. கொஞ்ச காலம் பயனும் தந்தது. பிறகு சட்டபூர்வமான சேதாரத்துக்கு மேல் புதிய சேதாரம் முளைத்தது. அவர் மகன் சியான்லோங் காலத்திலேயே பழைய குருடி கதவைத் திறடி ஆகிவிட்டது.

இதற்கெல்லாம் முன்பே ஒருவர் அடிவேரைத் தொட்டிருந்தார். கு யான்வு, மிங் வீழ்ச்சியைக் கண்ட பேரறிஞர், 1613இல் பிறந்தவர். வட சீனத்தில் நீண்ட பயணம் செய்தவர். குவான்சோங் பகுதியில், இன்றைய சியான் நகரத்துக்கு மேற்கே, அவர் கண்ட காட்சி இது: விளைச்சல் நன்றாக இருக்கிறது, களஞ்சியத்தில் தானியம் இருக்கிறது, ஆனால் மக்கள் மனைவியையும் பிள்ளைகளையும் விற்கிறார்கள். வரி வெள்ளியில் கட்ட வேண்டும். அந்தப் பகுதிக்கு வெள்ளி வருவதில்லை. அறுவடை முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் தானியத்தை விற்று வெள்ளி தேடினால் தானிய விலை விழாமல் என்ன செய்யும்? பஞ்சத்தில் பிள்ளையை விற்பதை வரலாறு நிறையவே எழுதியிருக்கிறது. நல்ல விளைச்சல் ஆண்டில் பிள்ளையை விற்றதை எழுதியவர் இவர். தானியம் விளையும் இடத்தில் தானியத்தையே வரியாக வாங்குங்கள் என்றார் கு யான்வு. அவர் காலத்தவரான ஹுவாங் சோங்சி இன்னும் கடுமையாக, வெள்ளியையே பணமாக இல்லாமல் ஒழிக்க வேண்டும் என்றார். ஒழித்துவிட்டு எதை வைப்பது என்ற கேள்விக்கு அவர் காட்டிய வழி செப்புக் காசும் காகிதமும். காகிதத்தை மக்கள் மறுபடி நம்புவார்கள் என்று அவ்வளவு பெரிய அறிஞர் எப்படி எண்ணினார் என்பது எனக்கு விளங்கியதில்லை.

இடையில் ஒரு கதை. பெய்ஜிங்கில் வருவாய் அமைச்சின் வெள்ளிக் கருவூலத்தை 1843இல் நிறுத்துப் பார்த்தார்கள். 92 லட்சம் லியாங்குக்கு மேல் குறைந்தது. கருவூலத்துக்குள் பாளம் தூக்கும் காவலர்கள் ஆடையில்லாமல்தான் உள்ளே போக வேண்டும், வெளியே வரும்போது கையைத் தட்டி, வாயைத் திறந்து, பெஞ்சைத் தாண்டிக் காட்ட வேண்டும் என்றெல்லாம் அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. அப்படியிருந்தும் உடலுக்குள்ளேயே மறைத்துக் கொண்டுபோனார்களாம். எப்படி என்பதை இந்தச் சபையில் விளக்க வேண்டாம். தாவோகுவாங் பேரரசர் பல ஆண்டுகளாக அந்தக் கருவூலத்தில் பொறுப்பு வகித்த அத்தனை அதிகாரிகளுக்கும் அபராதம் போட்டார். இறந்தவர்களின் பிள்ளைகள் பாதித் தொகை கட்ட வேண்டும். அச்சடித்த நாணயம் என்றால் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். ஆண்டுக்கணக்கில் யாரும் ஒழுங்காக நிறுத்துப் பார்க்காத பாளக் குவியல் எதைக் காட்டிக்கொடுக்கும்?

அந்த ஆண்டுகளில் அதைவிடப் பெரிய ஓட்டை கடற்கரையில் இருந்தது. பாட்னாவிலும் காசிப்பூரிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் தொழிற்சாலைகளில் உருட்டிய அபினும், பம்பாய் வழியாகப் போன மாளவத்து அபினும் கான்டன் கடலில் வெள்ளிக்கு விற்றன. பாள வெள்ளி நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று சட்டம் இருந்தது. அது லின்டின் தீவருகே கப்பலேறி, கல்கத்தாவிலும் பம்பாயிலும் ரூபாயாக அடிக்கப்பட்டது. இரண்டு நூற்றாண்டுகளாக உள்ளே வந்த ஆறு திசை மாறிவிட்டது. வெள்ளி அருகியதும் செம்பு மலிந்தது. முன்பு ஒரு லியாங்குக்கு ஆயிரம் செப்புக் காசு. 1840களின் பிற்பாதியில் இரண்டாயிரத்தைத் தாண்டியது. குடியானவன் சந்தையில் பார்ப்பது செம்பு, அரசுக்குக் கட்டுவது வெள்ளி. வரி விகிதத்தில் ஓர் எழுத்துகூட மாறாமல் அவன் வரி இரண்டு மடங்காயிற்று. தைப்பிங் கிளர்ச்சி 1850களில் தென்சீனத்தைப் பற்றிக்கொண்டதற்கு மதமும் காரணம், பஞ்சமும் காரணம். இந்த விகிதமும் காரணம் என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். மக்கள் ஏற்கெனவே ஸ்பானிய வெள்ளி டாலரையும், அப்புறம் கழுகு பொறித்த மெக்சிகோ டாலரையும் எண்ணி வாங்கப் பழகியிருந்தார்கள். அவற்றின் மேலும் கடைக்காரர்கள் தங்கள் முத்திரையைக் குத்திக் குத்தி முகம் தெரியாமல் ஆக்கினார்கள். கான்டனில் எந்திரத்தில் அடித்த, டிராகன் பொறித்த முதல் நாணயம் 1889–90இல் வந்தது. 1895இல் ஜப்பானுக்குப் போர் இழப்பீடு 20 கோடி லியாங், லியாவ்டோங் தீபகற்பத்தைத் திரும்பப் பெற மேலும் மூன்று கோடி. 1901இல் எட்டு நாடுகளின் படைகள் பெய்ஜிங்கைப் பிடித்த பிறகு 45 கோடி லியாங், வட்டியோடு 98 கோடி. லியாங்கில் பேசிய கடனைப் பொன் நாணயத்தில் கட்ட வேண்டியிருந்தது. உலகமெங்கும் வெள்ளி விலை சரிந்துகொண்டிருந்ததால் ஒவ்வொரு தவணையும் கூடிற்று.

1912இல் பேரரசு போயிற்று, பாளம் போகவில்லை. குடியரசின் அரசாங்கம் 1933 மார்ச்சில் சட்டம் இயற்றி, 715 ஷாங்காய் லியாங் ஆயிரம் வெள்ளி யுவானுக்குச் சமம் என்று நிர்ணயித்து, ஏப்ரல் 6 முதல் நாடு முழுவதும் லியாங்கில் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்றது. பாளங்கள் ஷாங்காய் நாணயச் சாலைக்கு உருகப் போயின. ஒருவழியாக அரசு வெள்ளிக்கு முத்திரை குத்தியது. அந்த நிம்மதி மூன்றாண்டுகூட நீடிக்கவில்லை. 1934இல் அமெரிக்கா தன் சுரங்க முதலாளிகளுக்காக வெள்ளியை ஏற்ற விலைக்கு வாங்கத் தொடங்கியதும் சீன வெள்ளி மறுபடி கப்பலேறியது. 1935 நவம்பரில் அரசு வெள்ளியைக் கைவிட்டுக் காகிதத்துக்கு மாறியது.

வேறு வழி இருந்ததா என்று பொருளியலாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். என் தீர்ப்பு, அன்று வேறு வழி இல்லை என்பதுதான். ஆனால் 500 ஆண்டுகளாகச் சீன மக்கள் எதற்குப் பயந்து எடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்களோ, அதுவே நடந்தது. போர்ச் செலவுக்கு அச்சடித்தார்கள், மேலும் அச்சடித்தார்கள். 1948 ஆகஸ்டில் 30 லட்சம் பழைய யுவானுக்கு ஒரு 'தங்க யுவான்' என்று புதுக் காகிதம் வந்தது. வீட்டிலிருக்கும் பொன்னையும் வெள்ளியையும் வங்கியில் கொடுத்து அதை வாங்கிக்கொள்ளும்படி கட்டளை. சட்டத்தை மதித்துக் கொடுத்தவர்கள் சில மாதங்களில் எல்லாவற்றையும் இழந்தார்கள். மறைத்து வைத்தவர்கள் பிழைத்தார்கள். 1949 மே மாதம் கம்யூனிஸ்ட் படை ஷாங்காயில் நுழைந்தபோது தெருமுனைகளில் ஆட்கள் வெள்ளி நாணயங்களைக் கையில் குலுக்கி ஓசை காட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். புதிய அரசின் காகிதத்தையும் யாரும் தொடவில்லை. ஜூன் 10ஆம் தேதி படைவீரர்கள் ஷாங்காய்ப் பங்குச் சந்தைக் கட்டடத்தைச் சூழ்ந்து, உள்ளே இருந்த வெள்ளி வியாபாரிகளைப் பிடித்துச் சந்தையையே மூடினார்கள். ஷாங்காயில் வெள்ளி பணமாக இருந்த காலம் அன்றோடு முடிந்தது.